மெயில் வருகிறது, போக மறுக்கிறது

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் முகூர்த்த மாதங்களில் சேலையோடு பில்லும் ஊர் ஊராகப் போகும். கல்யாணச் சேலை எடுத்துவிட்டு சிங்கப்பூர் திரும்பியவருக்கு மெயிலில் பில் அனுப்ப வேண்டும். ஆடிட்டருக்குக் கணக்கு போக வேண்டும். இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றிய மறுநாள் இதெல்லாம் நின்றுபோவது உண்டு. வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், மெயில்கூட வந்து விழும். போவது மட்டும் போகாது. வைரஸ் என்பார் ஒருவர். ஃபார்மட் அடித்துவிடலாம் என்பார் இன்னொருவர். அவசரப்பட வேண்டாம்.

மெயில் வருவதற்கும் போவதற்கும் போர்ட் எனும் வாசல்களின் எண்கள் வேறு. பெறுவதற்கு 993 அல்லது 995. அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. முறையின் பழைய எண் 25. பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பது இந்த 25-ஐத்தான்.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எஸ்.எம்.டி.பி.க்கான விதிமுறையை எழுதினார். அப்போது வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். பாஸ்வேர்டு கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிராட்பேண்ட் வீட்டுக்கு வீடு வந்ததும் அந்த நம்பிக்கையே வினையானது. வைரஸ் புகுந்த கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல், 25 வழியாக ஸ்பாம் மெயில்களை நேரடியாகக் கொட்டின. 2012-ன் முதல் மூன்று மாதங்களுக்கு கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சோஃபோஸ் வெளியிட்ட ஸ்பாம் பட்டியலில் இந்தியாவுக்குத்தான் முதலிடம். இந்தப் பெருமைக்கு நம் வீட்டுக் கணினிகளும் காரணம்.

ஜப்பானிய நிறுவனங்கள் 2005 வாக்கிலேயே 25-ஐ அடைக்கத் தொடங்கிவிட்டன. பிரேசில் அதை நாடு தழுவிய திட்டமாகவே நடத்தியது. அடைப்பது சரிதான் என்பது என் கட்சி. அடைத்திருக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. சண்டை போட்டு 25-ஐத் திறக்க வைத்தாலும் பெரிய பயன் இல்லை. வீட்டு இணைப்புகளின் ஐ.பி. முகவரிகளை ஸ்பேம்ஹாஸ் போன்ற ஸ்பாம் தடுப்பு அமைப்புகள் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. அங்கிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் பல வாங்குவதில்லை.

மாற்று வழி 1998 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஒரு தபால் ஆபீஸிலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை போகும் பாதை 25 என்றால், நாம் கடிதத்தை நீட்டும் கவுன்ட்டர் 587. அந்தக் கவுன்ட்டரில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்பார்கள். அதனால்தான் அதைப் பெரும்பாலும் யாரும் அடைப்பதில்லை. இன்னொரு கவுன்ட்டர் 465. 1997-ல் ஒதுக்கப்பட்டு, அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டு, 2018-ல் மறுபடி முறைப்படி அங்கீகாரம் பெற்ற எண் அது.

சிக்கல் 25-தானா என்று பார்க்க எளிய வழி உண்டு. கம்ப்யூட்டரை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அனுப்பிப் பாருங்கள். மெயில் போனால், கடை இணைப்பில்தான் அடைப்பு. போகாவிட்டாலும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மொபைல் நிறுவனமும் அடைத்திருக்கலாம். எதுவானாலும், அவுட்கோயிங் சர்வர் செட்டிங்கில் 25 இருந்தால் 587 ஆக்கி, பாதுகாப்பு என்ற இடத்தில் ஸ்டார்ட் டி.எல்.எஸ். தேர்ந்தெடுங்கள். 465 போட்டால் எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் மல்லாடுபவர்கள்தான் அதிகம். ஆதென்டிகேஷன் கட்டத்தில் டிக் இருக்கட்டும். யூசர்நேம் பெரும்பாலும் முழு மெயில் முகவரிதான்.

ஜிமெயில் என்றால் இன்னொரு படி. வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கேட்கும் பழைய சாஃப்ட்வேர்களை கூகுள் 2022 மே மாதத்துக்குப் பிறகு அனுமதிப்பதில்லை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கி அதைப் போடவேண்டும். கடையில் கேமரா பதிவுப் பெட்டி மெயில் எச்சரிக்கை அனுப்புகிறதா? அதன் செட்டிங்கையும் பார்த்துவிடுங்கள். அதிலும் 25 இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை மெயிலை உங்கள் முகவரிக்கே அனுப்பித் திருப்தி அடையாதீர்கள். வேறு நிறுவனத்தின் மெயில் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பி, வந்ததா, ஸ்பாம் பெட்டியில் விழுந்ததா என்று போன் போட்டுக் கேளுங்கள்.