காலிக் கட்டத்தில் என்ன வரும்?

மூன்றுக்கு மூன்று கட்டங்கள். எட்டில் வடிவங்கள் இருக்கின்றன, ஒன்பதாவது காலி. அங்கே வரவேண்டியதைக் கீழேயுள்ள எட்டு விடைகளிலிருந்து பொறுக்க வேண்டும். படிக்க ஓர் எழுத்து இல்லை, மனப்பாடம் செய்ய ஒரு சூத்திரம் இல்லை. எஸ்.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ‘நான்-வெர்பல் ரீசனிங்’ என்று அலுத்துக்கொள்ளும் பகுதிக்கு இது பங்காளி முறை.

இந்தப் புதிர் பிறந்தது இங்கிலாந்தில். அறிவுத்திறன் குறைபாடு குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று கோல்செஸ்டரில் ஆராய்ந்துகொண்டிருந்தார் லயனல் பென்ரோஸ். அவரோடு வேலை செய்த உளவியலாளர் ஜான் ரேவனுக்கு, பள்ளிக்கே போகாதவரிடமும் வைக்கக்கூடிய ஒரு சோதனை தேவைப்பட்டது. 1938இல் அதை வெளியிட்டார். மொத்தம் 60 கேள்விகள், போகப்போகக் கடினம். யாருக்கும் பழக்கமில்லாத ஒன்றை முதன்முறை பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதுதான் அது அளக்க நினைத்தது. கைபேசிச் செயலியில் தினமும் அதையே போட்டுப் பழகினால்?

மதிப்பெண் ஏறும். காரணம் எளிது. 1990இல் கார்பென்டர், ஜஸ்ட், ஷெல் என்ற மூவர் ரேவன் சோதனையின் கடினமான வடிவத்தை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்குப் பின்னால் இருந்தவை ஐந்தே விதிகள். வரிசை முழுக்க ஒன்று மாறாமல் நிற்கலாம். படிப்படியாகக் கூடலாம் அல்லது குறையலாம். முதல் இரண்டு படங்களைக் கூட்டியோ கழித்தோ மூன்றாவது வரலாம். வட்டம், சதுரம், முக்கோணம் வரிசைக்கு ஒருமுறை தலைகாட்டலாம். ஒரு கோடு இரண்டு கட்டங்களில் மட்டும் வந்து மூன்றாவதில் காணாமல் போகலாம். இரண்டு மூன்று விதிகள் ஒரே கேள்வியில் சேரும்போதுதான் திணறுகிறோம். ஒன்றைப் பிடித்து மனதில் வைத்துக்கொண்டே அடுத்ததைத் தேட வேண்டுமே! செயலியில் பழகியவருக்கு விதிகள் முன்பே தெரியும். தேடும் வேலை மிச்சம்.

இதனால் புத்தியும் கூர்மையாகிறதா? ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரை ஆறு வாரம் கணினிப் பயிற்சிகளில் ஈடுபடுத்தி, 2010இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பழகிய விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். அதற்கு நெருங்கிய வேறு சோதனைகளுக்குக்கூட அந்தத் தேர்ச்சி தாவவில்லை. ஆனால் வேலைக்குப் படிப்பவருக்கு இது பெரிய கவலையல்ல என்பேன். அவருக்கு வேண்டியது மதிப்பெண்; அது கிடைக்கிறது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 2019இல் செயற்கை நுண்ணறிவைச் சோதிப்பதற்காக இதே பாணியில் 70,000 புதிர்களைக் கணினியே உருவாக்கியது. அந்தத் தொகுப்புக்கும் ‘ரேவன்’ என்றுதான் பெயர். பிறகு வேறு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். கேள்வியையே காட்டாமல் எட்டு விடைகளை மட்டும் கொடுத்துப் பழக்கினாலும், நிரல் பெரும்பாலும் சரியானதையே எடுத்தது! சரியான விடையில் ஏதாவது ஓர் அம்சத்தை, நிறத்தையோ அளவையோ, மாற்றித்தான் தவறான விடைகளைத் தயாரித்திருந்தார்கள். ஆகவே எட்டிலும் அதிகம் தென்படும் நிறம், அளவு, வடிவம் மூன்றும் எதில் சேர்ந்திருக்கிறதோ அதுவே விடை.

இந்த ஓட்டை உங்கள் செயலியிலும் இருக்கலாம். கட்டங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, விடைகளை மட்டும் பார்த்து ஒரு இருபது கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். குருட்டாம்போக்கில் இரண்டு மூன்றுதான் சரியாக வரவேண்டும். பத்துக்கு மேல் வந்தால் வேறு செயலி தேடுவது நல்லது.