எல்லாத் தரவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமா?

எஸ்தோனியாவில் கார் ஓட்டுபவர் ஓட்டுநர் உரிமத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டியதில்லை. அடையாள அட்டை போதும். வழிமறிக்கும் போலீஸ்காரர் கணினியில் தட்டினால் உரிமம் செல்லுமா, வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதெல்லாம் திரைக்கு வந்துவிடும். நாட்டின் மொத்த விவரமும் ஏதோ ஒரு ராட்சதக் கணினியில் குவிந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே அப்படியொரு கணினியே கிடையாது. உரிமம் போக்குவரத்துத் துறையிடம், காப்பீட்டு விவரம் அதற்கான நிதியத்திடம், முகவரி மக்கள்தொகைப் பதிவேட்டில்.

1991-ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட இந்த நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவுதான். துறைகள் தனித்தனியே தரவுத்தளங்களை வளர்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கப் பெரும் பணம் வேண்டும். ஒன்றாக்கினாலும், அந்த ஒரே இடத்தில் ஓட்டை விழுந்தால் அத்தனையும் போச்சு. எனவே தரவை அதனதன் இடத்திலேயே விட்டுவிட்டு, நடுவில் பாதை மட்டும் போட்டார்கள். 2001-ல் வந்த ‘எக்ஸ்-ரோடு’ அதுதான். கையில் காசில்லாததும் நல்ல வடிவமைப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம்!

இதன் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர். கேள்வி டிஜிட்டல் கையொப்பத்துடன், குறியாக்கம் செய்யப்பட்டு, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகிறது. பதிலும் அப்படியே திரும்புகிறது. மையத்தில் இருப்பது உறுப்பினர் பட்டியலும் நம்பகச் சான்று விவரங்களும்தான். தரவு அந்தப் பக்கமே போவதில்லை. யார் எதைக் கேட்கலாம் என்பதைத் தரவை வைத்திருக்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது. கேட்டதும் கொடுத்ததும் நேரத்தோடு பதிவாகின்றன. தன் விவரத்தை எந்த அலுவலகம் எட்டிப் பார்த்தது என்பதைக் குடிமகனே பல பதிவேடுகளில் சரிபார்க்கலாம். ஒரே விவரத்தைத் திரட்ட இரண்டாவது தரவுத்தளம் தொடங்கச் சட்டமே தடை போடுகிறது. என்னைக் கேட்டால், மென்பொருளைவிட இந்தச் சட்டம்தான் பெரிய சாதனை.

சரி, இதையே எல்லாரும் பின்பற்றலாமா? முடியாது. ‘இந்த ஆளுக்கு உரிமம் உண்டா’ என்ற கேள்விக்கு எக்ஸ்-ரோடு கச்சிதம். ‘பத்து ஆண்டுகளில் எந்த மாவட்டத்தில் வருமானம் சரிந்தது’ என்று கேட்டால், லட்சக்கணக்கான பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்தே ஆக வேண்டும். அதற்குத்தான் தரவுக் கிடங்கு. 1988-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் டெவ்லினும் மர்ஃபியும் இதைப் பற்றி எழுதினார்கள்; கணினி வல்லுநர் பில் இன்மன் புத்தகமாக விரித்தார். பல தரவுத்தளங்களிலிருந்து நகலெடுத்து, பிழை நீக்கி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து அடுக்குவது. என்ன கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த வங்கிக்கும் சங்கிலிக் கடைக்கும் இன்றும் இதுவே உகந்தது.

கேள்வி தெரியாவிட்டால்? கச்சாத் தரவை அப்படியே கொட்டி வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற ‘தரவு ஏரி’ யோசனையை 2010-ல் மென்பொருள் வல்லுநர் ஜேம்ஸ் டிக்சன் முன்வைத்தார். எந்தக் கோப்பு எங்கிருந்து எப்போது வந்தது என்று எழுதிவைக்காதவர்களின் ஏரிகள் சேறாகிப்போனது தனிக்கதை. 2019-ல் மென்பொருள் வல்லுநர் ஸமாக் தெஹ்கானி ‘டேட்டா மெஷ்’ என்றார்: அந்தந்தத் துறையே தன் தரவைப் பிறர் நம்பிப் பயன்படுத்தும் பொருளாகப் பராமரிக்கட்டும், மையக் குழு அதில் தலையிட வேண்டாம்.

எதைத் தேர்வது? 1968-லேயே கணினி அறிஞர் மெல்வின் கான்வே, ஒரு நிறுவனம் உருவாக்கும் கணினி அமைப்பு அதன் உள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் பிரதிபலிப்பாகவே அமையும் என்றார். முடிவெல்லாம் ஒரே அறையில் எடுக்கப்படும் நிறுவனத்தில் மெஷ் ஓடாது. துறைகள் தத்தம் எல்லையை விட்டுக்கொடுக்காத இடத்தில் ஒரே கிடங்கு கட்டப் புறப்பட்டால், பாதி நாள் பஞ்சாயத்திலேயே போகும். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவையில்லை. ஒழுங்கான ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் தவறாத பேக்கப்பும் தாராளம்.

மென்பொருள் விற்பவரைக் கூப்பிடும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு பட்டியலுக்கும் எதிரே, அதில் தப்பு வந்தால் திருத்த வேண்டியவர் பெயரை எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்; செலவு அப்புறம் இருக்கட்டும்.