வீட்டுக்கு எத்தனை ஸ்டார்?



சிவகாசியிலோ விருதுநகரிலோ ஒரு ஃப்ரிட்ஜ் கடைக்குள் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வருகிற ஆள் முதலில் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பார், அப்புறம் கதவில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்ப்பார். மூணு ஸ்டாரா, அஞ்சு ஸ்டாரா, வருஷத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும்? இருபதாயிரம் ரூபாய் சாமானுக்கு இத்தனை விசாரணை. அதே ஆள் முப்பது லட்சத்துக்கு வீடு வாங்கப் போனால் பட்டா கேட்பார், மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், வாசல் எந்தத் திசை என்பார். "சித்திரை வைகாசியில இந்த வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்?" என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டாலும் எடுத்துக் காட்ட நம்ம ஊரில் ஒரு காகிதம் கிடையாது. வெயிலின் வில்லங்கம் வில்லங்கச் சான்றில் வராது!

அப்படி ஒரு காகிதம் வெளிநாட்டில் இருக்கிறது. டென்மார்க்கில் 1997 முதலே வீடு விற்கும்போது அது எவ்வளவு எரிசக்தி தின்கிறது என்று சான்று காட்ட வேண்டும். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதியாக்கியது. வீடு கட்டி முடிக்கும்போது, விற்கும்போது, வாடகைக்கு விடும்போது என்று மூன்று சமயங்களில் சான்றை எதிராளி கையில் காட்ட வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் அது செல்லாது. 2010-ல் வந்த அடுத்த விதிப்படி, விளம்பரத்திலேயே அந்த மதிப்பெண்ணைப் போட வேண்டும். இங்கிலாந்தில் இதற்குப் பெயர் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்டிபிகேட், சுருக்கமாக ஈ.பி.சி. ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து. ஏ என்றால் சிக்கனம், ஜி என்றால் ஓட்டைப் பானை. எதைச் சரி செய்தால் எந்த எழுத்துக்கு ஏறலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? வாடகை வீட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது உடனே புரியும். கூரைக்குச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். கூரை சரியில்லாததால் ஏறுகிற கரண்ட் பில்லைக் கட்டுபவர் குடியிருப்பவர். தன் பாக்கெட்டில் கை வைக்காத செலவுக்கு யார் கவலைப்படுவார்? நானும் மூன்று நண்பர்களும் இருக்கிற மாடி ரூமில் தனி சப்-மீட்டர். மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 முதல் கொடுக்கிறது. அந்த இலவசம் கீழ்வீட்டோடு நின்றுவிடும். மாடிக்கு ஏறும்போது யூனிட்டுக்கு ஒரே ரேட். தகரக் கூரை போட்ட ரூமில் இருக்கிற ஜூனியர் தம்பிகளிடம் கேளுங்கள், இன்னும் நிறையச் சொல்வார்கள்.

விடுமுறை வீடுகள் விஷயத்தில்தான் இந்தச் சட்டங்களின் சூட்சுமம் தெரிகிறது. நம்ம பக்கத்தில் சாரல் ஆரம்பித்தால் ராஜபாளையம் வழியாகக் குற்றாலம்தான். அங்கே நாள் வாடகைக்கு வீடு எடுப்போம். கரண்ட் செலவு அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம். கொடைக்கானல் காட்டேஜும் பெரும்பாலும் அப்படித்தான். கீசரைப் போட்டுவிட்டு மறந்தாலும் நமக்கு நஷ்டமில்லை, ஓனருக்குத்தான். இந்த மாதிரி வீட்டுக்குச் சான்று தேவையா?

இங்கிலாந்து அரசின் வழிகாட்டி இதற்கு ஒரு கணக்கு வைத்தது. சுற்றுலா வீட்டை 12 மாதத்தில் மொத்தமாக நான்கு மாதமோ அதற்கு மேலோ வாடகைக்கு விட்டு, தங்குகிறவரே எரிசக்திச் செலவையும் கட்டுவதாக இருந்தால் சான்று வேண்டும். ஓனரே பில் கட்டினால் வேண்டாம். அதாவது பில் யார் தலையிலோ, அவர் கண்ணில் காகிதம் பட வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. 2010-ஆம் வருஷ ஐரோப்பிய விதியோ ஆள் யார் என்று பார்க்காமல் நாளை எண்ணியது. வருஷத்தில் நான்கு மாதத்துக்குக் குறைவாகப் பயன்படும் வீடுகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்று நாடுகளுக்கு விட்டிருந்தது.

பிடித்த விதியிலும் ஓட்டை உண்டு. பிரான்சில் 2025 ஜனவரி 1 முதல் ஜி எழுத்து வாங்கிய வீட்டைக் குடியிருக்க வாடகைக்கு விட முடியாது. சில ஓனர்கள் என்ன செய்வார்கள்? "அப்ப டூரிஸ்டுக்கு விட்டுட்டாப் போச்சு!" சுற்றுலா வாடகைக்கு அந்தத் தடை இல்லையே. குடியிருக்க வீடு தேடுகிறவன் தெருவில் நிற்க, மோசமான வீடெல்லாம் டூரிஸ்டுக்குப் போகிற ஆபத்து. அதனால் 2024 நவம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 2034 முதல் சுற்றுலா வீடும் ஏ முதல் டி வரைக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் 2024 டிசம்பரில், பில் யார் கட்டினாலும் சுற்றுலா வீட்டுக்குச் சான்று வேண்டும் என்ற யோசனையை அரசு மக்கள் கருத்துக்கு விட்டது. அங்கே சாதாரண வாடகை வீடு குறைந்தது ஈ எழுத்தாவது வாங்க வேண்டும் என்பது 2018 ஏப்ரலில் புது வாடகைக்கும், 2020 ஏப்ரலில் பழைய வாடகைக்கும் வந்தது.

ஒரு காகிதம் கைமாறும்போது ஏற்படும் ஓட்டை பற்றி நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. நாக்பூர் லைசென்ஸ் என்றால் என்ன என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், ஷெட்டில் வேலை நடப்பது உள்குத்தகைக்காரர் கையில். அப்படிப்பட்ட இடத்தில் விபத்து நடந்தால் என்ன ஆகிறது என்பதை நாம் பேப்பரில் மட்டும் படிக்கவில்லை. வீட்டுச் சூட்டை வெடிவிபத்தோடு ஒப்பிடவில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் மாறுகிற அந்த நேரத்தில்தான் காகிதத்துக்கு வேலை என்கிறேன்.

நம் நாட்டு நிலவரத்துக்கு வருவோம். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்கீழ் 2002-ல் அமைந்த பீ.ஈ.ஈ. என்கிற எரிசக்தித் திறன் அமைப்புதான் ஃப்ரிட்ஜில் ஸ்டார் ஒட்ட வைத்தது. வணிகக் கட்டடங்களுக்கு 2007-ல் விதித்தொகுப்பு வந்தது. வீடுகளுக்கு 2018 டிசம்பரில் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. வீட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, ஆனால் விருப்பம் இருந்தால்தான். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புக் கட்டடங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். எல்லை எது தெரியுமா? 100 கிலோவாட் இணைப்புப் பளு! மாநிலம் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம். நம்ம தெருவில் ஒரு வீட்டுக்கு அஞ்சு கிலோவாட் இருந்தாலே பெரிசு. ஆக, பெரிய அடுக்குமாடிக்குப் பொருந்தும், நம்ம மாடி ரூமுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷ வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் போடச் சொல்கிறது, பதிவு செய்யச் சொல்கிறது. வீடு எவ்வளவு கொதிக்கும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லவில்லை.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை, கணக்கு நம் கையில் இருக்கிறது. சம்ஹிதா கூரைக்கு ஒரே ஒரு எண் சொல்கிறது: யு வேல்யூ 1.2-க்கு மேல் போகக் கூடாது. ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதே யு வேல்யூ. 15 செ.மீ. கான்கிரீட் தளத்தை எடுங்கள். கனத்தை மீட்டரில் போட்டு, வெப்பக் கடத்துத் திறனால் வகுத்தால் தடை கிடைக்கும். கான்கிரீட்டுக்கு 0.15-ஐ 1.58-ஆல் வகுக்க 0.095. அடியில் 15 மி.மீ. பூச்சுக்கு 0.021. இரு பக்கத்துக் காற்றுப் படலத்துக்கும் சேர்த்து 0.21. கூட்டினால் 0.326. ஒன்றை இதனால் வகுத்தால் யு வேல்யூ 3.07. அனுமதித்த அளவைப் போல இரண்டரை மடங்கு!

இதை வாட்டில் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு ரூமின் கூரை சுமார் 11 சதுர மீட்டர். வெயில் குடித்த மொட்டைமாடி 60 டிகிரி, உள்ளே 35 என்று வையுங்கள். 3.07-ஐ 25-ஆலும் 11-ஆலும் பெருக்கினால் சுமார் 840 வாட். தலைக்கு மேல் ஒரு அயர்ன் பாக்ஸைச் சொருகி வைத்துக்கொண்டு, அடியில் ஃபேன் போட்டுப் படுத்திருக்கிறோம். தளம் சூட்டைப் பிடித்து வைத்துத் தாமதமாக விடுவதால்தான் ராத்திரி பத்து மணிக்கும் ரூம் கொதிக்கிறது. மேஸ்திரிமார் போடுகிற செங்கல் ஜல்லி சுண்ணாம்புச் சுருக்கியும் தட்டோடும் இதைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது மட்டும் போதாது. தளத்துக்கு மேல் 20 மி.மீ. கனத்தில் கெட்டியான தெர்மோகோல் வகைப் பலகை வைத்து அதன்மேல் ஓடு பதித்தால், பலகையின் கடத்துத் திறன் 0.035 என்று கொண்டால், தடை 0.57 கூடுகிறது. யு வேல்யூ 1.11-க்கு இறங்கிவிடும். 840 வாட் சுமார் 300 ஆகிறது. ஓட்டின் தடையை நான் சேர்க்கவே இல்லை. சாதா சன்னத் தெர்மோகோலை வைத்தால் மேலே ஆள் நடக்க அமுங்கிவிடும் என்பதை சிவில் பசங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஜன்னலுக்கும் ஒரு எண் உண்டு. நம் சமவெளி போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிக்கு, திறக்கக் கூடிய ஜன்னல், கதவு வழிகளின் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது வேண்டும். டேப்பை எடுத்து உங்கள் ரூமை அளந்து பாருங்கள். எங்கள் ரூம் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இன்னொரு தகவல். பீ.ஈ.ஈ. நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை பி.இ. படித்தவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. டிப்ளமோ முடித்து, எரிசக்தி சார்ந்த வேலையில் ஆறு வருஷ அனுபவம் இருந்தால் எழுதலாம்.

அடுத்த ஜூனில் ரூம் மாறப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஓனரிடம் போன ஏப்ரல்-மே பில்லைக் கேளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் போய் ரூமைப் பாருங்கள், காலையில் போகாதீர்கள். சீலிங்கில் உள்ளங்கையை வைக்க எட்டினால் வைத்துப் பாருங்கள். மொட்டைமாடியில் தட்டோடு இருக்கிறதா, வெறும் கான்கிரீட்டா என்று ஏறிப் பாருங்கள். வெள்ளை அடிக்கச் சம்மதித்தால் சுண்ணாம்பு வாங்கித் தருகிறோம் என்று ஓனரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஓனர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.