பச்சை ஓலைக்கு ஈராண்டு முன்னே

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, ஒரு சிறுமியின் பூப்பு முதல் மாதவிடாய் நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்ற செய்தி அன்றுதான் தெருவுக்கு வருகிறது, தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவதும் உளுந்தங்களியும் மஞ்சள் நீராட்டும் அதைத் தொடர்கின்றன. உடலியலின் கணக்கு வேறு. அதன்படி முதல் மாதவிடாய் என்பது பூப்பின் பிற்பகுதியில் நிகழ்வது. மார்பு அரும்பத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வருகிறது. கொரோனாக் காலத்தில் குழந்தை மருத்துவர்களைத் திகைக்க வைத்த ஒரு மாற்றம், ஊருக்குத் தெரியாமல் கழியும் இந்த ஈராண்டுக்குள் அடங்கியதாகும்.

எட்டு வயது நிறைவதற்குள் மார்பு வளர்ச்சி தொடங்கினால் மருத்துவம் அதை முன்கூட்டிய பூப்பு என்கிறது. ரோமிலுள்ள பாம்பினோ ஜேசு மருத்துவமனைக்கு இந்த ஐயத்தோடு அழைத்துவரப்பட்ட குழந்தைகள், 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைப்போல் இரு மடங்குக்கும் மேலாயினர். புனேயில் பொதுமுடக்கத்துக்கு முன்னும் பின்னும் வந்தவர்களை ஒப்பிட்ட ஹார்மோன் மருத்துவர்கள், மூன்று மடங்குக்கும் மேற்பட்ட உயர்வைக் கண்டு 2022இல் வெளியிட்டனர். வீட்டிலேயே இருந்த பெற்றோர் மகளைக் கூர்ந்து கவனித்ததன் விளைவே இது என்றும் வாதிடலாம்; ஆனால் இத்தாலிய மையங்கள் சிலவற்றில் பூப்பு முன்னேறும் வேகமும் கூடியிருந்ததால், கவனிப்பு ஒன்றே முழு விளக்கமாகாது.

பூப்பைத் தொடங்கி வைப்பது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். அங்குள்ள சில நரம்பணுக்கள் சுரக்கும் கிஸ்பெப்டின் என்னும் புரதம் வேறு நரம்பணுக்களைத் தூண்ட, அவை துடிப்புத் துடிப்பாக விடும் ஹார்மோன் பிட்யூட்டரிச் சுரப்பியையும், அது சினைப்பையையும் எழுப்புகின்றன. 1996இல் கிஸ்பெப்டினின் மரபணுவைக் கண்டறிந்தோர், தாங்கள் பணிபுரிந்த அமெரிக்க ஊரான ஹெர்ஷியின் ‘கிஸ்ஸஸ்’ சாக்லேட்டை நினைந்து பெயரிட்டார்கள். பூப்போடு அதற்குள்ள தொடர்பு தெரியவந்தது 2003இல்தான். உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், சேமிப்பு போதுமான அளவு உண்டு என்று மூளைக்கு அறிவிப்பதால், எடை கூடிய சிறுமியருக்குப் பூப்பு முந்துகிறது. ஊட்டக்குறைவு அதைப் பிந்தச் செய்கிறது.

முடக்கத்தில் ஓட்டமும் விளையாட்டும் குறைந்து, எடையும் கைபேசி நேரமும் மன அழுத்தமும் கூடியதையே ஆய்வாளர்கள் காரணங்களாகக் கருதுகின்றனர். துருக்கியில் 18 பெண் எலிகளைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில் நீல ஒளி பட்டவை முன்னதாகப் பருவமடைந்தன. எனினும் எலிகளை வைத்துக் கைபேசிமீது தீர்ப்பெழுதுவது அவசரமாகும். மேலும் இவையனைத்தும் அடுக்குமாடி வீட்டுக் குழந்தையை மனத்தில் கொண்ட விளக்கங்கள். தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 நவம்பர் 1 அன்று திறக்கும்வரை, குப்பத்துச் சிறுமிக்கு வீடு சிறிதாயினும் வாசலுக்கு வெளியே மணல் இருந்தது. ஆனால் சத்துணவுக்கூடத்தின் சூடான சோறு இல்லை. ஒன்று பூப்பை முந்தச் செய்யும் முடக்கத்தின் பிடியைத் தளர்த்தக்கூடியது, மற்றது பிந்தச் செய்யக்கூடியது. ஆகவே புனேயின் விகிதத்தை அப்படியே பழவேற்காட்டில் பொருத்துவது பிழையாகிவிடும்.

மேலும், மருத்துவமனைக் கணக்கில் ஏறுபவர்கள் அங்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே; வராமலே போவதற்கும் காரணங்கள் உண்டு. மார்பு அரும்புதல் பெரும்பாலும் ஒரு பக்கத்தில், முலைக்காம்பின் அடியில், கொட்டைப்பாக்கு அளவில் தொட்டால் வலிக்கும் ஒரு கெட்டியாகவே தொடங்குகிறது. மறுபக்கம் சில மாதங்கள் கழித்தே தோன்றலாம் என்பதால் அதைக் கட்டி என்று நினைத்துப் பற்றுப்போடுவது இயல்பே. ஏரிச் சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் சேர்க்கும் தாய்க்கு அதைக் கவனிக்கும் பொழுதும் அரிது. சிறுமி சட்டென்று உயர்வதைக் கண்டு வீட்டார் மகிழ்வதும் உண்டு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் எலும்பு நுனிகளிலுள்ள வளர்தட்டுகளை விரைவில் மூடிவிடுவதால், வகுப்பில் நெட்டையாக நின்றவள் பின்னர் குட்டையாகவே நின்றுவிடக்கூடும்.

இடக்கையின் எக்ஸ்ரே ஒன்றே, அந்த வளர்தட்டுகள் எவ்வளவு முதிர்ந்துள்ளன என்னும் எலும்பு வயதைக் காட்டிவிடும். பூப்பு மெதுவாகச் செல்லும் சிறுமிக்குக் கண்காணிப்பே போதும். விரைந்து செல்பவளுக்கு, ஹைப்போதலாமஸின் துடிப்புக்குப் பிட்யூட்டரியை மரத்துப்போகச் செய்யும் ஊசி மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடப்படுகிறது. மாதவிடாய் வந்த பிறகு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் புறப்படும் குடும்பம் ஊசியின் பயனில் பெரும்பகுதியை இழந்திருக்கும். தொடக்கத்திலேயே வந்தவளுக்குப் பதினொன்றை ஒட்டி ஊசி நிறுத்தப்படுகிறது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மாதவிடாய் தானாகவே வருகிறது, தாய்மாமன் அப்போது ஓலை கட்டிக்கொள்ளலாம்.