வீடு திருந்த, குடி எழும்ப வேண்டுமா?

போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கிய நம்மவர்களுக்குக் கொழும்புத் ‘தோட்டம்’ தெரிந்திருக்கும். வெங்காயத் தோட்டமல்ல, ஒரே குழாயையும் மலசலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிரும் வரிசை வீடுகள். இவற்றைத் திருத்துவதற்குக் குடியிருப்போரை எழுப்பத்தான் வேண்டுமா?

1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் பல இடங்களில் அப்படிச் செய்யவில்லை. தேசிய வீடமைப்பு அதிகாரசபை அலுவலர்கள் சனங்களுடன் கூடியிருந்து காணி பிரித்தார்கள். குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு பேர்ச். பாதை எங்கே, குழாய் எங்கே என்பதையும் சனங்களே பேசி முடித்தார்கள். வனாத்தமுல்லையில் கட்டுமான ஒப்பந்தத்தையே குடியிருப்பாளர் சபை எடுத்துச் செய்தது.

பிறகு மாடிகள் வந்தன. 2001இல் பொரளையில் எழுந்த சகஸ்புரவில் 671 வீடுகள். அயலில் இருந்தோருக்கே கொடுத்ததால் தொழில் கெடவில்லை. ஆனால் மின்தூக்கிக்கும் பராமரிப்புக்கும் செலவு வந்தது. கொம்பனித்தெருவிலோ, 2010களில் ‘திரும்பி வரலாம்’ என்ற சொல்லை நம்பி எழும்பியவர்கள் வாடகைப் பணத்துடன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தச் சொல்லின் பாரம் நமக்குத் தெரியாததா?

உங்கள் உறவினர் தோட்டத்தில் இருந்தால் சொல்லி வையுங்கள்: திரும்பும் திகதி எழுத்தில் வரும்வரை, வாடகைக்கு இருப்போரின் பெயரும் பதிவில் ஏறும்வரை, திறப்பைக் கொடுக்க வேண்டாம்.