கொலு பொம்மைக்கு வார்னிஷ்: எதைப் பூசலாம்? எப்படிப் பூசலாம்?



பண்ருட்டி, விளாச்சேரி, காஞ்சிபுரம் என்று கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர்கள் பல உண்டு. மகளிர் குழுக்களும் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கல்யாண செட், கிராம செட், சின்னத் தேர் என்று செய்து விற்கிறார்கள். ஆடியில் தொடங்கிய வேலை புரட்டாசிக்குள் காசாக வேண்டும். பொம்மை அழகாக வந்தும், கடைசியாகப் பூசிய வார்னிஷ் மஞ்சளித்து, பிசுபிசுத்து, வெள்ளை பூத்து ஆர்டர் திரும்பி வந்தால் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டுவது எப்படி? ஆகவே இந்தக் கடைசிக் கட்ட வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

வார்னிஷ் எதற்கு?

வர்ணம் உதிராமல், கைப்பட்டு அழுக்காகாமல், ஈரக்காற்று ஏறாமல் காக்கத்தான். பளபளப்பு இரண்டாம் பட்சம்.

என்னென்ன வகை இருக்கு?

1. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ்: வாடை குறைவு. சீக்கிரம் காயும். வெள்ளை நிறம் மஞ்சளாகாது. பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவிடலாம். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் நல்லது. ஒரு எச்சரிக்கை: போஸ்டர் கலர் மேல் இதை பிரஷ்ஷால் பூசினால் கலர் கரைந்து கண்ணு, மூக்கு எல்லாம் இழுகிடும். அக்ரிலிக் கலர் நன்றாகக் காய்ந்திருந்தால் இந்தப் பயம் இல்லை. போஸ்டர் கலர் பொம்மைக்கு ஸ்பிரே வார்னிஷை லேசாக இரண்டு முறை அடிப்பது பாதுகாப்பு.

2. எண்ணெய் வார்னிஷ்: டர்பன்டைனில் கலப்பது. உறுதியாக இருக்கும். ஆனால் காய ஒரு இரவாவது ஆகும், நாளடைவில் மஞ்சளிக்கும். வெள்ளைப் புடவை சரஸ்வதிக்கு இது வேண்டாம். மரப் பொம்மைக்கு, அடர்ந்த நிறத்துக்குச் சரி.

3. என்.சி. லாக்கர்: தின்னரில் கலப்பது. நிமிடங்களில் காயும். வாடையும் தீப்பிடிக்கும் ஆபத்தும் அதிகம். எனாமல் பெயிண்ட் மேல் பூசினால் அடிக்கலர் சுருங்கி மேலே வந்துடும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

பளபளப்பா, மங்கலா?

சின்னப் பொம்மைக்கு இது முக்கியம். நிஜத்தில் மண்சுவர், ஓலைக் கூரை, மாடு, வேட்டி எதுவும் மின்னாது. கிராம செட் முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் பூசினால் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். முதலில் முழுசுக்கும் மேட் வார்னிஷ் பூசுங்க. அது காய்ந்ததும் கண், நகை, கிரீடம், பித்தளைக் குடம், கிணற்றுத் தண்ணீர் இவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷைத் தொட்டு வைங்க. பொம்மைக்கு உயிர் வந்தாற்போல இருக்கும்.

மேட் வார்னிஷில் மங்கல் தரும் பொடி அடியில் தங்கிவிடும். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும். குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்குங்க. கலக்காமல் பூசினால் ஒரு பொம்மை மின்னும், கடைசிப் பொம்மை வெள்ளைத் திட்டாக நிற்கும்.

பூசும் முறை

* பொம்மை உள்வரை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ளே சிக்கினால் பின்னாடி குமிழியும் வெள்ளையும் வரும்.
* காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்க.
* உடைந்த பொம்மை ஒன்றில் முதலில் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்க.
* மழை நாளில் பூசாதீங்க. உச்சி வெயிலிலும் வேண்டாம். காலை வெயில் ஏறியபின் நிழலில் பூசுவது நல்லது.
* கெட்டியாக ஒரு பூச்சு வேண்டாம். மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். கெட்டியாகப் பூசினால் விரல், நகை வேலைப்பாடு எல்லாம் மூடிப்போகும்.
* பாதி காய்ந்த இடத்தில் திரும்ப பிரஷ் வைக்காதீங்க.
* தூசி விழாமல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைங்க.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே பேக் செய்யக் கூடாது. மேலே காய்ந்தாலும் உள்ளே இளசாக இருக்கும். குமிழி பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் அதன் தடம் பொம்மை மேல் பதியும். செய்தித்தாள் என்றால் மை ஒட்டும். சில நாள் ஆறவிட்டு, வெள்ளை மெழுகுத்தாள் சுற்றி, அதன்மேல் மற்றதைச் சுற்றுங்க.

நம் உடம்பையும் பார்க்கணும்

தின்னர், டர்பன்டைன், ஸ்பிரே எதுவானாலும் திறந்த வெளியில்தான் பயன்படுத்தணும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தள்ளி இருக்கட்டும். மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்க.

2017 நவம்பர் 1 முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். விலை குறைவு என்று பேரில்லாத டப்பாவை வாங்காதீங்க. குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள். கரைக்கப் போகும் பிள்ளையாருக்கு வார்னிஷே வேண்டாம்.

செலவுக் கணக்கு

டப்பாவை வேலைக்கு முன்னும் பின்னும் எடை போடுங்க. செலவான வார்னிஷின் விலையை பொம்மை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பொம்மைக்கு ஆகும் செலவு தெரியும். அதையும் பூசிய நேரத்துக்கான கூலியையும் விலையில் சேருங்க. நாம் கணக்கில் எழுதாத உழைப்புக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, ஒரு பொம்மையில் பூசிப் பாருங்கள் சகோதரிகளே!