மேல்மாடிக் குடித்தனம்

மலேசியாவின் செகிஞ்சானுக்கு வருகிறவர்கள் நெல்வயலையும் ரெடாங் கடற்கரையையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைவரிசையின் மேல்மாடியை அண்ணாந்து பார்ப்பவர் கட்டட நிர்வாகி மட்டும்தான். பார்க்காவிட்டால் போன் வந்துவிடும்.

"அண்ணே, திரும்ப ஒழுகுது. வெட்டி வெச்ச துணியெல்லாம் நனையுது." தையல்காரரின் குரல். ஏணி போட்டுக் கூரைப்பலகையைத் தள்ளினால் குழாயில் கோளாறு இருக்காது. மேலே குடியிருப்பது உழவாரக் குருவி. விற்பனைக்கு எடுக்கும் அதன் கூடு எச்சிலால் ஆனது. காற்று காய்ந்தால் வெடித்துவிடும், விலை போகாது. அதனால் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரம்தான் கீழே இறங்குகிறது. போதாததற்கு, குருவிகளை அழைக்க ஒலிபெருக்கியில் பதிவுச் சத்தம் வேறு.

மற்ற வேலைகளுக்கும் குறைவில்லை. உணவுக்கடையின் எண்ணெய்த் தொட்டி அடைப்பு, கடை முன் அஞ்சடி நடைபாதையில் குவிந்த பெட்டிகள், தீயணைப்புக் கருவிச் சோதனை, வாடகை வசூல். பாக்கி வைத்தவரின் கடையை நிர்வாகி தானாகப் பூட்டிவிடவும் முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருளை ஜப்தி செய்து வசூலிப்பதென்றாலும் அதற்கும் நீதிமன்றப் படிதான்.

ஆனால் எனக்குப் பயம் மேல்மாடியைப் பற்றித்தான். கடைக்காரர் குடும்பம் மேலே குடியிருந்த காலத்தில் ஒழுகல் தெரிந்த அன்றே சரியாகும். இப்போது மேலே ஆளில்லை. தோட்டம் விட்டு வந்து சின்னக் கடை போட்டவர்தான் நனைகிறார். சும்மா கிடக்கும் மாடிக்குக் காசு வந்தால் என்ன தப்பு என்கிறார்கள் உரிமையாளர்கள். நியாயம்தான், அவர்கள் கீழே தைப்பதில்லையே!

பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன்பின் பாரம்பரியப் பகுதியின் பறவை வீடுகளை அங்கே காலி செய்ய வைத்தார்கள். பக்கத்துத் தஞ்சோங் காராங்குக்கும் செகிஞ்சானுக்கும் எந்தப் பட்டியல் வரப்போகிறது?

பட்டியல் இல்லாவிட்டால் ஒப்பந்தம்தான் வழி. வாடகைக் காலம் மூன்று வருஷத்தைத் தாண்டினால் குத்தகையாகப் பதிய வேண்டும் என்பது 1965ஆம் ஆண்டு நிலச் சட்டம். ஆகவே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மேல்மாடித் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நிர்வாகி கேட்டால், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார் உரிமையாளர். கீழே கையெழுத்துப் போடுகிற தையல்காரருக்கு அந்த அடுத்த தடவை மூன்று வருஷம் கழித்து.